தும்பியின் இறக்கை

ஜூலை 7, திங்கள்

பேட்டரிக் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக மகள் தன்ஷிகா இதில் பூனை வரைந்துகொண்டிருந்தாள். இன்றைக்குப் பிடுங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் நந்தம்பாக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சி. எங்கள் ஸ்டாலில் முப்பரிமாணத் திரையைக் காட்டிப் பேசப் போவது நான்தான். மாரீஸ் பேசினால் கல்லும் தலையாட்டும் என்று முதலாளி சிவசைலம் சார் டீலர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியமில்லை. இந்த நாட்களை எழுதி வைத்தால் பின்னால் படித்துச் சந்தோஷப்படலாம்.

மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கி வந்தேன். சாயங்காலம் காபி ஆற்றும்போது பாதி டம்ளருக்கு வெளியே போய்விட்டது.

“கையில என்ன வெண்ணெயா தடவி வச்சிருக்கீங்க?” என்றாள் சுகந்தி. துடைத்துக்கொண்டே அடுத்ததை ஆரம்பித்தாள். “டீச்சர் இன்னைக்கும் கேட்லயே புடிச்சுக்கிட்டாங்க. ஸ்கூலுக்கு வந்த கண் டாக்டர் சொல்லி ஒரு மாசமாச்சுங்க. இவ தலையச் சாய்ச்சு சாய்ச்சுத்தான் போர்டப் பாக்குறாளாம். சின்ன வயசுலயே காட்டிட்டா சரியாயிடுமாம். இப்பவே ஆறு வயசு முடியப் போவுது.”

“கேம்ப் போடுறவன் கண்ணாடி விக்கத்தான் போடுவான்” என்றேன். “கண்காட்சி முடியட்டும்.”

என் மகள் கண்ணுக்கு என்ன? இரண்டும் நேராக, அழகாகத்தான் இருக்கின்றன. நான் தினமும் பார்க்கிறேன்.

ஜூலை 9, புதன்

திரை ஆபீசுக்கு வந்து இறங்கியது. ரெஹானா பிரித்து மாட்டினாள். வாணியம்பாடிப் பெண், எஞ்சினியர். கிண்டியில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ‘இந்தக் கண்காட்சிய நல்லபடியா முடிச்சுக் குடு, ஆர்டரக் கையில தாரேன்’ என்று சார் சொல்லியிருக்கிறார். அதனால் அந்தப் பெண் திரையைக் கைக்குழந்தை மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

விஷயம் இதுதான். நம் இரண்டு கண்ணும் ஒரே பொருளைக் கொஞ்சம் கொஞ்சம் வேறு கோணத்தில் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து, எது கிட்டே எது தள்ளி என்று கண்டுகொள்கிறது. இந்தத் திரை இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் என்று தனித்தனியாக அனுப்புகிறது. கண்ணாடி எதுவும் மாட்டிக்கொள்ள வேண்டாம். மேல் சட்டத்தில் மிளகு அளவில் இரண்டு கேமராக்கள் இருக்கின்றன. அவை எதிரில் நிற்பவரின் கண்கள் எங்கே, எவ்வளவு தூரத்தில் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் வேலை செய்யும். கூட்டமாகத் தலையை நீட்டினால் படம் தானாகத் தட்டையாகிவிடும், சாதாரண டிவி மாதிரி. மூலையில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தால் முப்பரிமாணம் ஓடுகிறது, அணைந்தால் தட்டை. இதையெல்லாம் நான் எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன் பாருங்கள். நாளைக்கு ஒரு பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும்.

சோதனைப் படம் ஒரு தும்பி. பெரிய தும்பி, நரம்பு நரம்பாக இறக்கை. “இறக்கையப் புடிச்சுப் பாருங்க” என்றாள் ரெஹானா. அக்கவுண்ட்ஸ் பையன், டிரைவர், சார் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் ‘ஹா’ என்றார்கள். எல்லாருடைய விரலும் கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னாலேயே காற்றைக் கிள்ளியது.

நான் கடைசியாக நின்றேன். ஒரு சாண் முன்னால் கிள்ளினேன். ‘ஹா’ என்றேன்.

“சூப்பரா வருதும்மா” என்றேன் ரெஹானாவிடம். அவள் முகம் மலர்ந்தது.

ஜூலை 13, ஞாயிறு

பீரோ கண்ணாடி முன்னால் நின்று கையை ஒரு சாண் தள்ளிப் பிடிக்கப் பழகினேன். மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் பழகுவதுதானே.

ஜூலை 16, புதன்

ஸ்டால் தயார். நாளைக்கு ஆடி ஒன்று. அதில்தான் சாருக்குக் கவலை. “எவன்வே ஆடி முதத் தேதியில கண்காட்சி வைக்கான்? புது மெசினு, ஆடியிலயா தொறக்கிறது?” என்று காலையிலிருந்து புலம்பல். கடைசியில் பூஜையைக் கொஞ்சம் பலமாகப் போட்டுவிடலாம் என்று சமாதானமானார். எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், கற்பூரம் வாங்கும் பொறுப்பு எனக்கு. அரங்கத்துக்குள் நெருப்புக் கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டார். கற்பூரத்தைச் சும்மா தட்டில் வைத்துக் காட்டினால் போதும் என்று முடிவாயிற்று.

ரெஹானா சாயங்காலம் வரை திரையைச் சரிபார்த்தாள். கிளம்பும்போது, “சார், நாளைக்கு தொறக்குறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் தும்பியப் பாத்துரணும். ஏதாவது அசைஞ்சிருந்தா தெரிஞ்சிரும்” என்றாள்.

“நான் இருக்கேன்ல?” என்றேன்.

ஜூலை 17, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் கூடுதல் கரண்ட் கனெக்‌ஷன் வாங்க ரெஹானாவை அமைப்பாளர்கள் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார் சார். அங்கே வரிசை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று இங்கே அவசரம். சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, “நீதான பேசப் போற, உன் கையால வைய்யி” என்றார். திரையின் மேல் சட்டத்தில் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று பொட்டு வைத்தேன். தாராளமாகவே வைத்தேன். ஆடியாயிற்றே. மேலே குங்குமம். எலுமிச்சம்பழம் அறுத்தோம். பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

ரெஹானா போன் செய்தாள். “சார், எனக்கு இங்க லேட்டாவும் போல. தும்பியப் பாத்தீங்களா? வெளிய வருதா?”

போய் நின்று பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. படம் பளிச்சென்று தெளிவாக இருந்தது.

“ஜம்முனு வருதும்மா. கவலப்படாம வா.”

அதன் பிறகு காலை முழுக்கப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள், கண்ணைக் கசக்கினார்கள், ‘சூப்பர் சார்’ என்றார்கள். தும்பியைப் பிடிக்கச் சொன்னால் கை இங்கேயும் அங்கேயும் தடுமாறியது. நான் ஒரு சாண் முன்னால் பிடித்துக் காட்டியதும், ‘ஆமாமா, சூப்பர்’ என்று அவர்களும் அங்கே பிடித்தார்கள். ஒரு ஆள்கூடக் குறை சொல்லவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு சர்ஜன் வந்திருந்தார். துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனைப் பயிற்சி டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுக்க இந்தத் திரை சரிவருமா என்று பார்க்கவே வந்தவர். இவருக்காகத்தான் சார் இரண்டு மாதமாக நடையாய் நடந்தார். டாக்டர் கொஞ்ச நேரம் நின்றார். முகத்தைத் திருப்பினார். “எனக்குத் தலை சுத்துது. ராத்திரி பஸ்ல வந்தது ஒத்துக்கல போல” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

மத்தியானம் டீலர்களை அனுப்பிவிட்டு சார் வந்து திரை முன்னால் நின்றார். “என்னவே இது, ரெண்டு ரெண்டாத் தெரியுது? கண்ணப் புடுங்குது! எங்க அந்தப் புள்ள?”

ரெஹானா அப்போதுதான் வந்தாள். ஒரு நொடி பார்த்தாள். மேல் சட்டத்தை விரலால் தடவினாள். துப்பட்டா நுனியால் இடது ஓரத்துச் சந்தனத்தைத் துடைத்தாள். அதற்கு அடியில் கேமரா இருந்தது. துடைத்ததும், “ஆங், இப்ப வருது” என்றார் சார்.

“ஒரு கேமரா மூடிடுச்சு சார். இன்னொண்ணு முகத்தக் கண்டுபுடிச்சுடும், அதனால பச்ச லைட் எரியும். ஆனா ஒண்ண மட்டும் வச்சு தூரம் எவ்வளவுன்னு அதால சொல்ல முடியாது. ஒரு கண்ணுக்கான படம் இன்னொரு கண்ணுக்குப் போயிடும். காலையில இருந்து எல்லாருக்கும் தப்பாத்தான் தெரிஞ்சிருக்கும்.”

ஒற்றைக் கண்ணால் தூரம் தெரியாது. அந்தப் பெண் மெஷினைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

“பொட்டு வச்சா கெட்டுப்போவும்னு முன்னாலயே சொல்லக் கூடாதா? வந்து ஒரு தடவ பாக்கக் கூடாதா?” என்று சார் அவளைப் பிடித்தார்.

“மாரீஸ் சார்கிட்ட போன்ல கேட்டேன் சார். நல்லா வருதுன்னு சொன்னாரு.”

சார் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

“அப்ப வந்துச்சு சார்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மூன்று வார்த்தை. பொட்டு வைத்தது போனுக்கு முன்னால் என்பது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற சாருக்கு அது ஞாபகமில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

“போன்ல கேட்டேன்னு சொல்லுவா… சும்மா சாக்கு” என்று பக்கத்து ஸ்டால்காரர்கள் காதில் விழும்படி கத்தினார் சார். “இனிமே நீ முன்னால நிக்க வேண்டாம். திரைச்சீலைக்குப் பின்னால இரு. ஆர்டரப் பத்தி அப்புறம் பாக்கலாம்.”

அவள் அழவில்லை. சந்தனக் கறையோடு துப்பட்டாவை மடித்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜூலை 18, வெள்ளி

கூட்டம் நல்ல கூட்டம். தொண்டை கட்டிவிட்டது. மத்தியானம் ரெஹானாவுக்கு லெமன் சாதம் வாங்கிக் கொடுத்தேன். “வேணாம் சார், கொண்டாந்திருக்கேன்” என்றாள்.

ஜூலை 19, சனி

நேற்று எழுதியதைப் படித்தேன். லெமன் சாதம் வாங்கிக் கொடுத்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறேன். என்னைப் போல ஒரு வெட்கங்கெட்டவன் உண்டா?

எழுதிவிடுகிறேன். எனக்குத் தும்பி வெளியே வரவில்லை. ஒரு நாளும் வந்ததில்லை. எனக்கு அது கண்ணாடியில் ஒட்டிய படம், அவ்வளவுதான். எல்லாரும் எதைப் பார்த்து ‘ஹா’ என்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

சின்ன வயதில் எனக்கு இடது கண் மாறுகண். சிவகாசியில் எங்கள் தெருவில் ஒன்றரைக் கண்ணன் என்றால்தான் என்னைத் தெரியும். கிரிக்கெட்டில் சேர்க்க மாட்டார்கள். பந்து எப்போது வந்து சேரும் என்று எனக்குத் தெரியாது, மூஞ்சியில் வாங்கிக்கொள்வேன். பத்தாவது படிக்கும்போது மதுரையில் ஆபரேஷன் செய்து கண்ணை நேராக்கினார்கள். பார்க்க நேராகிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வித்தை வரவில்லை. அது குழந்தையிலேயே செய்திருக்க வேண்டியது, இனி மூளை பழகாது என்றார் டாக்டர். “நேராயிருச்சுல்ல, போதும். வெளிய யார்ட்டயும் மூச்சு விடாத” என்றாள் அம்மா. விடவில்லை. சுகந்தியிடம்கூட விடவில்லை.

அந்தக் காலை முழுக்க நான் ஊரையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறவர்கள் தங்களுக்குத்தான் கோளாறு என்று நினைத்து ‘சூப்பர்’ சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மையில் கோளாறு உள்ளவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு ரெஹானா பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

திங்கள்கிழமை சாரிடம் சொல்லிவிட வேண்டும். கண்காட்சி முடிந்த பிறகு.

சுகந்தி நாளைக்குத் தன்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். “உங்கப்பா பேசுறத நீ பாத்ததே இல்லல்ல?” என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

தன்ஷிகா மஞ்சள் கவுன் போட்டு வந்தாள். நான் மைக்கில் பேசுவதை முதல் வரிசையில் நின்று வாயைப் பிளந்து பார்த்தாள். ஒவ்வொருவருக்கும் நான் தும்பியைப் பிடித்துக் காட்டுவதை எத்தனை தடவை பார்த்தாளோ. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மானங்கெட்ட மனசு அப்போதும் பெருமைப்பட்டது.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் சுகந்தியையும் அவளையும் கூப்பிட்டேன். மூவரும் திரை முன்னால் நின்றோம்.

“தும்பி பறக்குது பாரு. இறக்கையப் புடி பாப்போம்” என்றேன்.

சுகந்தி எட்டிப் பார்த்துவிட்டு, “எங்கங்க பறக்குது? நம்ம வீட்டு டிவி மாதிரிதான இருக்கு” என்றாள்.

“வருதும்மா! வெளிய வருது! சூப்பரா இருக்கு!” என்றாள் தன்ஷிகா. கையை நீட்டினாள். கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் காற்றைக் கிள்ளினாள். ‘ஹா’ என்றாள்.

“எனக்குத்தான் தெரியல போல” என்று சுகந்தி கண்ணைக் கசக்கினாள்.

நான் மூலையைப் பார்த்தேன். பச்சை விளக்கு அணைந்திருந்தது. மூன்று தலைகள் நின்றதால் திரை தானாகத் தட்டையாகியிருந்தது. அங்கே வெளியே வர எதுவுமே இல்லை. சுகந்தி சொன்னதுதான் சரி.

சுகந்தியை நகரச் சொன்னேன், நானும் நகர்ந்தேன். விளக்கு எரிந்தது. திரைச்சீலை இடுக்கில் ரெஹானா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் கேட்காமல் அடுத்த படத்துக்கு மாற்றினாள். கிணறு. அடியில் ஒரு மீன். இதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கையை உள்ளே விடப் போய் விரல் கண்ணாடியில் இடித்துக்கொள்வார்கள். மூன்று நாளாகப் பார்க்கிறேன்.

“பாப்பா, மீனப் புடிங்க” என்றாள் ரெஹானா.

தன்ஷிகா தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு சாண் முன்னால் காற்றைக் கிள்ளினாள். “சூப்பர்” என்றாள்.

ரெஹானா அவளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வியாழக்கிழமையும் புரிந்துவிட்டது.

தன்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

“பாப்பா, அந்தத் தும்பி நெசமாவே வெளிய வந்துச்சா?”

“ம்.”

“அப்பா திட்ட மாட்டேன்.”

கவுன் நுனியைச் சுருட்டினாள். “வரல.”

“பின்ன எப்படி அங்க போய்ப் புடிச்ச?”

“நீங்க அங்கதானப்பா புடிச்சீங்க.”

நான் அழுதேன். கண்காட்சி வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, கழுத்தில் அடையாள அட்டை தொங்க அழுதேன். அவள் பயந்துபோய், “வந்துச்சுப்பா, வந்துச்சு” என்று என் முகத்தைத் துடைத்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. எனக்காக அவள் மறுபடியும் பொய் சொன்னாள்.

சுகந்தி வந்தாள். படியிலேயே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாறுகண், மதுரை, அம்மா சொன்னது. ஒரு மாதமாக ஏன் தட்டிக்கழித்தேன் என்பதையும் சொன்னேன். டாக்டர் இவளைப் பார்த்தால் ‘குடும்பத்தில் யாருக்காவது இருக்கா’ என்று கேட்பார், அதற்குத்தான் பயந்தேன். அவள் தன்ஷிகாவை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். “நாளைக்குக் காலையில போறோம்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “என் புள்ளைக்கு ஒரு மாசம் போச்சேங்க” என்றாள்.

திங்கள்வரை காத்திருக்கவில்லை. உள்ளே போய், ரெஹானா இருக்கும்போதே சாரிடம் சொன்னேன். எனக்கு இது தெரியாது, என்றைக்குமே தெரிந்ததில்லை, பொட்டு வைத்தபிறகுதான் அவளிடம் நன்றாக வருகிறது என்று சொன்னேன் என்றேன்.

சார் கொஞ்ச நேரம் என் கண்களை மாறி மாறிப் பார்த்தார். எது அந்தக் கண் என்று தேடினார் போல. “கண்ணு தெரியாதவன நிறுத்தியாவே நான் அந்த டாக்டருக்குக் காட்டினேன்?” என்றார். கத்தவில்லை, கத்தியிருக்கலாம். மைக்கை என் கையிலிருந்து வாங்கி ரெஹானாவிடம் நீட்டினார். அவளுக்குப் பேசி வழக்கமில்லை, முதலில் திணறினாள். பிறகு பேசினாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

மூடும்போது அவளிடம், “மன்னிச்சிரும்மா” என்றேன்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம் சார்” என்றாள். அவள் துப்பட்டாவில் அந்தக் கறை இன்னும் போகவில்லை.

ஜூலை 21, திங்கள்

ஆஸ்பத்திரியில் கூட்டம். தன்ஷிகாவுக்குப் பசி, பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

சின்ன வயது டாக்டர். தன்ஷிகாவின் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, விளக்கடித்துப் பார்த்தார். “குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?”

சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

“எனக்கு இருக்கு டாக்டர்” என்றேன்.

நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் ஒட்டுப் போட்டு மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்க வேண்டுமாம். வயது இருக்கிறது, முயன்று பார்க்கலாம் என்றார். முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தன்ஷிகாவுக்கு மாட்டினார். அட்டையில் ஒரு பெரிய ஈ. “இதோட இறக்கையப் புடிச்சுக் காட்டும்மா.”

தன்ஷிகா அட்டையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

“எனக்கும் ஒரு தடவ காட்டுங்க டாக்டர்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை எனக்கு மாட்டினார். நான் விரலை நீட்டினேன். காற்றில் எங்கும் நிறுத்தாமல், அட்டையின் மேலேயே வைத்தேன்.

“எனக்கு வெளிய வரல பாப்பா” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டேன். அவள் கை அட்டைக்கு ஒரு சாண் மேலே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கியது. ஈயின் இறக்கை மேல் விரலை வைத்துவிட்டு, “எனக்கும் வரலப்பா” என்றாள்.